பிரகதியோட தம்பி

அந்த ஜன்னலோரத்தைக் கொஞ்சம் எனக்கு விட்டுக்குடுக்கறீங்களா? பஸ் ஏறினாலே எனக்கு வயித்தைப் பொரட்டுமுங்க. பாருங்க, எலுமிச்சம்பழத்தைக் கையிலயே புடிச்சுட்டு வர்றேன். ரொம்ப நன்றிங்க. நீங்க எது வரைக்கும் போறீங்க? சூலூருங்களா. நான் சிங்காநல்லூருங்க. அங்க இறங்கி ஆட்டோ புடிச்சு ஹாஸ்டலுக்குப் போகோணும். எம்பொண்ணு அங்கதான் இருக்கறா. பிரகதின்னு பேரு. பன்னண்டாவது படிக்கறா. எனக்கு ஒத்தப் புள்ளைங்க.

ஹாஸ்டல்ல விட்டதுல இருந்து அவளைக் கண்ணுலயே பாக்கலைங்க. இன்னிக்குப் பாத்தே தீர்றதுன்னு கிளம்பிட்டேன். அவளுக்குத் தெரியாது. வார்டனுக்கும் இன்னும் சொல்லலை. ஏன் சொல்லலைன்னு கேட்டா அது பெரிய நாயமுங்க, நீளமான கதை. யாரோ எம்பேர்ல எழுதறாங்க. ஆமாங்க, என் நம்பர்ல இருந்தேதான். நான் எழுதாததெல்லாம் நான் எழுதின மாதிரியே போகுது. இப்படிப் பாக்காதீங்க, எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது. முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். காங்கயம் வர்றதுக்குள்ள சொல்லிருவேன்.

போன வருஷம் அவ கரூர்லதான் பதினொண்ணாவது படிச்சா. அங்க ரூபாவதி மேம்னு ஒருத்தங்க. உயிரியல் எடுக்கறவங்க. சின்ன வயசு, புதுசா வந்தவங்க. புதுசா வந்தவங்களுக்குத்தான் கை சும்மா இருக்காதே. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு ஆரம்பிச்சாங்க. அஞ்சஞ்சு புள்ளைங்களாப் பிரிச்சு ப்ராஜெக்ட் குடுத்தாங்க. பிரகதி இருந்த கூட்டத்துக்கு அமராவதி ஆத்தோரத்துக் கெணத்துத் தண்ணியைப் பத்தி எழுதச் சொல்லி வந்துச்சு. இதை எழுதறதுக்கு ஒரு தாளு. காகிதத் தாளு இல்லீங்க, கம்ப்யூட்டர்ல இருக்கற தாளு. அஞ்சு பேரும் அவங்கவங்க வூட்டுல இருந்துட்டே அந்த ஒரே தாள்ல எழுதலாம். யாரு எழுதறாங்களோ அவங்க பேரு அந்த எழுத்துக்குப் பக்கத்துல சின்னக் கொடியாட்டம் நின்னுட்டே நகரும். பாக்கப் பாக்க நல்லா இருக்குமுங்க. கோலம் தானாப் போட்டுக்கற மாதிரி.

பிரகதி நல்ல புள்ளைதான். ஆனா எழுதறதுன்னா அவளுக்கு நேரமாகும். ஒரு வரி எழுதிப்போட்டு ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருப்பா. மத்ததுக கொடியெல்லாம் ஓடிட்டே இருக்கும், எம்பொண்ணு கொடி மட்டும் நின்ன இடத்துலயே நிக்கும். பெத்தவளுக்கு எப்படிங்க இருக்கும்? அதனால நான் ஒண்ணு பண்ணினேன். வூட்டுல ஒரு லேப்டாப்பு இருக்குது. அதுல கட்டம் கட்டமா ஒரு படம் வருமே, அவ குளிக்கப் போனப்போ அவ போனை எடுத்து அதுக்கு நேராக் காட்டினேன். அம்புட்டுத்தான். அவ போனுக்கு வர்றதெல்லாம் லேப்டாப்புக்கும் வந்துரும். லேப்டாப்புல எழுதினாலும் அவ எழுதின மாதிரியே போகும். அந்தத் தாளும் அப்படித்தான், அவ பேர்லயே தொறந்து வெச்சுக்கிட்டேன். அடுப்பு மேடையில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு, கொழம்பு கொதிக்கற நேரத்துல நான் எழுதுவேன்.

இதுல என்னங்க தப்பு? எல்.கே.ஜி.யில அவ கையைப் புடிச்சு எழுத வெச்சது யாரு, நான்தானே? அப்ப யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

நானும் கல்யாணத்துக்கு முந்தி பி.எஸ்.ஸி. படிச்சவதான். என்ன, எழுதறதுக்கு ஒரு வழி கெடைக்கலை. நான் எழுத ஆரம்பிச்சதும் மேம் அந்தத் தாள் ஓரத்துலயே, ‘அருமை பிரகதி’ன்னு போட்டாங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கலை. அத்தனை சந்தோசம்.

அந்த அஞ்சு பேர்ல எஸ்தர்னு ஒருத்தி. அவங்கம்மா கொசுவலை தைக்கற கம்பெனிக்குப் போறவங்க. அவங்க ஷிப்ட் முடிஞ்சு வந்தாத்தான் அந்தப் புள்ளை கையில போன் வரும். வந்ததும் அவசர அவசரமா எதையாவது எழுதும். கெணறு கெணறா நடந்து போயி அங்கிருக்கற பொம்பளைங்க சொன்னதை அப்படியே எழுதி வெச்சிருந்துச்சு. ‘இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது, துணி மஞ்சளாகுது’ன்னு. இதெல்லாம் ஒரு ப்ராஜெக்டுங்களா? நான் அழிச்சுப்போட்டு நல்லா அழகா எழுதினேன். மறுநாளும் அந்தப் புள்ளை எழுதுச்சு, மறுபடியும் அழிச்சேன். அப்புறம் பிரகதி பேர்லயே தன்மையாத்தான் சொன்னேன், ‘எஸ்தர், உன்னால முடியாட்டி விட்டுரு, நான் பாத்துக்கறேன்.’ தன்மையாத்தானுங்க.

அதுக்கு அந்தப் புள்ளை தனியா ஒரு மெசேஜ் போட்டுச்சு. ‘ஏன் பிரகதி இப்படி இருக்கறே? கிளாஸ்ல எங்கூட நல்லாத்தானே பேசறே? மத்தியானம் என் டிபன்ல இருந்துதானே சாப்பிட்டே?’ன்னு. என்ன தைரியம் பாருங்க. நானும் பதில் போட்டேன். ‘கிளாஸ்ல வேற, இங்க வேற. இனிமே எனக்கு மெசேஜ் போடாதே’ன்னு. போட்டுட்டு ரெண்டையும் அழிச்சுட்டேன். பிரகதி பாத்தா மனசு கஷ்டப்படுவா.

அப்புறம் கொஞ்ச நாள்ல எம்பொண்ணு மொகம் சுருங்கிப்போச்சு. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். ஏன் கண்ணுன்னா, ‘எஸ்தர் வேற பெஞ்சுக்குப் போயிட்டா. ஏன்னு கேட்டா அழறா’ம்பா. நான் சொன்னேன், போனாப் போறா, பன்னியோட சேந்த கன்னுக்குட்டியும் என்னமோ திங்கும்பாங்கல்ல. நல்லதுக்குத்தான் சொன்னேன். மத்த மூணு பேரும் பிரகதிகூடப் பேசறதை நிறுத்திட்டாங்களாம். ‘நான் என்னம்மா பண்ணினேன், நான் என்ன பண்ணினேன்’னு அதையே கேட்டுட்டு இருந்தா. நீ ஒண்ணும் பண்ணலை கண்ணுன்னேன். நெசந்தானுங்க, அவ ஒண்ணும் பண்ணலையே.

ஒரு நாள் தண்ணி குடிக்க அடுப்படிக்கு வந்தவ லேப்டாப்பைப் பாத்துட்டா. நான் எழுதிட்டிருக்கறேன். அவ பேரு கொடியாட்டம் நகந்துட்டிருக்குது. அப்படியே நின்னா. தண்ணி குடிக்கலை. ரூமுக்குப் போயி அவ போன்ல இருந்து குரூப்புல எழுதினா. எழுதறது எனக்கு லேப்டாப்புல வந்துச்சு. ‘இதெல்லாம் நான் எழுதினது இல்லை மேம். எஸ்தரைத் திட்டினதும் நான் இல்லை. எங்கம்மா எழுதறாங்க’ன்னு.

நாப்பது வூடு பாக்கற குரூப்புங்க அது. மானம் என்னாகறது? சட்டுன்னு அதை யாரு போன்லயும் இல்லாத மாதிரி அழிச்சேன். அழிச்சுப்போட்டு அவ பேர்லயே எழுதினேன், ‘சாரி மேம். தம்பி போனை எடுத்து விளையாடிட்டான். முன்னாடி வந்த மெசேஜைக் கண்டுக்காதீங்க.’

எங்கிருந்துங்க தம்பி வந்தான்னு கேக்கறீங்க. அதான் சொன்னேனே, ஒத்தப் புள்ளைதான். அந்த நேரத்துல வாயில வந்தான், அவ்வளவுதான். அந்தச் சாமர்த்தியம் மட்டும் இல்லைன்னா அன்னிக்கு எங்க குடும்பம் சிரிப்பாச் சிரிச்சிருக்கும். அடுத்த நாள்ல இருந்து கிளாஸ்ல எல்லாம், ‘உன் தம்பி எப்படி இருக்கான், தம்பிக்கு என்ன வயசு’ன்னு அவளைக் கேலி பண்ணினாங்களாம். கூடப் படிக்கறதுக்குத் தெரியாதுங்களா தம்பி இருக்கானா இல்லையான்னு. கேலிதானே, நாலு நாள்ல போயிரும்னு சொன்னேன்.

வெள்ளகோயில் வந்துருச்சு. தண்ணி பாட்டில் வேணுமுங்களா? எனக்கு வேண்டாம். குடிச்சா வெளிய வந்துரும்.

அந்த மேம் சும்மா விடலைங்க. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு என்னை உக்கார வெச்சாங்க. அந்தத் தாளு எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்குமாம், யாரு எப்ப எழுதினாங்க, எதை அழிச்சாங்கன்னு. அதைத் தொறந்து காட்டிட்டுக் கேக்கறாங்க, ‘அம்மா, இந்தத் தேதியில நான் பரிட்சை வெச்சிருந்தேன். பிரகதி எனக்கு முன்னாடி உக்காந்து பேனாவுல எழுதிட்டு இருந்தா. அதே நேரத்துல இங்கயும் பிரகதி எழுதிட்டு இருந்திருக்கா. ரெண்டு பேர்ல யாருங்கம்மா உங்க பொண்ணு?’ன்னு.

அப்புறம் அவங்களே, ‘தாயும் புள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறயில்லீங்களா’ன்னாங்க. என் வயசென்ன, அவங்க வயசென்ன, எனக்குப் பழமொழி சொல்லித் தர்றாங்க. ஊருல வேற வேறயா இருக்கலாம், எங்க வூட்டுல வாயி ஒண்ணுதான்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள பிரகதி நம்பரைக் குரூப்புல இருந்து தூக்கிட்டாங்க. ‘அவ எழுதறதை அவளே எங்கிட்ட நேர்ல கொண்டாந்து தரட்டும்’னு.

விடுவனா நான்? பெத்தவங்க குரூப்பு ஒண்ணு தனியா இருக்குதுல்ல, அதுல போட்டேன். போன்ல புள்ளைங்களை என்னென்னமோ எழுதச் சொல்றாங்க, ராத்திரி பகல் பாக்காம மெசேஜ் போடறாங்கன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. கடைசியில பள்ளிக்கூடத்துல அந்த ப்ராஜெக்டையும் மூடி, மேமையும் ஆறாவது வகுப்புக்கு மாத்திட்டாங்க. அன்னிக்கு மேம் வூட்டுக்குக் கிளம்பறப்போ பிரகதி அவங்களைப் பாக்கக் கேட் வரைக்கும் ஓடினாளாம். எதுக்குன்னு தெரியலை.

அன்னிக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவ போனை எடுத்து எங்கிட்ட நீட்டினா. ‘இந்தாம்மா. நீயே பேசிக்க’ன்னா.

எத்தனை பொறுப்பான புள்ளை பாருங்க. இந்தக் காலத்துல எந்தப் புள்ளைங்க போனைத் தானாக் குடுக்கும்? ஒறம்பரை, சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதுல இருந்து அவ பேர்ல பொறந்தநாள் வாழ்த்துச் சொல்றது, பாடத்துல சந்தேகம் கேக்கறது எல்லாம் நான்தான். அவதான் வூட்டுல பேச்சைக் கொறைச்சுட்டா. சோறு போடட்டுமான்னா தலையை ஆட்டுவா. வேண்டாம்னாலும் அதே ஆட்டந்தான். வயசுப் புள்ளைங்க அப்படித்தான் இருக்குமுன்னு நானும் விட்டுட்டேன். சில நேரம் அடுப்படியில திரும்பிப் பாத்தா கதவுகிட்ட நின்னு நான் எழுதறதையே பாத்துட்டு இருப்பா. என்ன கண்ணுன்னா, ஒண்ணுமில்லைன்னு தலையாட்டுவா. நான் எப்படி எழுதறேன், எந்த எடத்துல ‘ங்க’ போடறேன்னு படிக்கறா போலிருக்குதுன்னு நெனைச்சுக்குவேன்.

பரிட்சை முடிஞ்சு லீவுல ஒரு நாள் நான் அரிசிம்பருப்புச் சோறு தாளிச்சுட்டு இருக்கறேன். பக்கத்துல வந்து, ‘அம்மா, உன் போனை ஒரு நிமிஷம் தர்றியா?’ன்னா. எத்தனை நாளைக்கப்புறம் அவளா வாயைத் தொறந்து கேக்கறா தெரியுமுங்களா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. எதுக்குன்னுகூடக் கேக்கலை, எடுத்துக்கோ தங்கம்னேன். சொன்ன மாதிரியே ஒரே நிமிஷத்துல திருப்பிக் குடுத்துட்டா. ‘தேங்க்ஸ்மா’ன்னா. லேப்டாப்பையும் படிக்கறதுக்கு வேணும்னு அவ ரூமுக்கு எடுத்துட்டுப் போனா. அன்னிக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டா. எம்பொண்ணு திரும்பி வந்துட்டான்னு நெனைச்சேன்.

அதுக்கப்புறந்தானுங்க இந்தக் கூத்து ஆரம்பம்.

எங்க வூட்டுக்காரர் திருப்பூர்ல வேலை. ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. வந்தவரு, ‘நீ சொன்னதுதான் சரி, ஹாஸ்டல்ல இடம் பேசிட்டேன்’ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியலை. போனை எடுத்துப் பாத்தா, நான் அவருக்கு எழுதியிருக்கறேன். ‘பிரகதியக் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல சேத்துரலாமுங்க. எங்கண்ணு முன்னாடியே இருந்தா அவளுக்குப் படிப்பு ஏறாது. நான் மனசைக் கல்லாக்கிக்கறேன்’னு. எம்பட பேச்சேதானுங்க. அந்த ‘மனசைக் கல்லாக்கிக்கறேன்’ நான் அடிக்கடி சொல்றதுதான். படிச்சுப் பாத்தா எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அசதியில நானே எழுதிப்போட்டனா என்னமோன்னு. அவரு வேற, ‘உன்னால இப்படி யோசிக்க முடியும்னு நான் நெனைக்கவே இல்லை’ன்னு பாராட்டறாரு. இல்லைங்க, நான் எழுதலைன்னு எந்த வாயில சொல்றது? ஆமாங்க, புள்ளை நல்லா இருந்தாச் சரின்னுட்டேன். மாமியார் வூடு மொத்தமும் பாராட்டுச்சு.

சேக்கறதுக்கு அவரும் அவளுமாப் போனாங்க. எனக்குத்தான் பஸ் ஒத்துக்காதே. லேப்டாப்பு பையை மாட்டிட்டு அவ வாசல்ல நின்னு என்னைப் பாத்துச் சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா. ஆனா அந்தச் சிரிப்பு இப்பக்கூடக் கண்ணு முன்னாடியே நிக்குது.

அந்த ஹாஸ்டல்ல போன்ல கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க. எதுவா இருந்தாலும் வார்டனுக்கு மெசேஜ்தான். பாக்க வர்றோம்னாலும் மெசேஜ்தான். சரின்னு போன மாசம் எழுதலாம்னு வார்டன் பேரைத் தொறந்தா, அங்க நான் ஏற்கெனவே எழுதியிருக்கறேன். ‘இந்த மாசம் வர மாட்டேனுங்க மேம். அவ படிக்கட்டும்’னு. யாரோ ஹேக் பண்றாங்கன்னு போன் பூட்டு நம்பரை மாத்தினேன். அப்பவும் நிக்கலை. முந்தாநாள் பாத்தா இன்னொண்ணு. இருங்க, காட்டறேன். உங்களுக்குக் கண்ணாடி வேணுமுங்களா? சரி நானே படிக்கறேன். ‘மேம், ஒரு விசயம். அம்மான்னு சொல்லிக்கிட்டு யாராச்சும் வந்து நின்னா உள்ள விடாதீங்க. நான் வர்றதா இருந்தா முன்னாடியே மெசேஜ் போடுவேன். மெசேஜ் இல்லாம வந்தா அது நான் இல்லை.’

கேட்டீங்களா? அது நான் இல்லையாம்.

யாருங்க இப்படி எழுதுவாங்க? அந்த ரூபாவதி மேமா இருக்குமோன்னு ஒரு நெனைப்பு. எஸ்தர் பண்ற வேலையோன்னு ஒரு நெனைப்பு. எம்பொண்ணுகிட்டக் கேக்கலாம்னா அவகிட்டப் போன் இல்லை, என்கிட்டத்தானே இருக்குது. எனக்கு அவளைப் பாக்கோணும். இளைச்சிருக்கறாளா, சாப்பிடறாளா, ஒரு வார்த்தை பேசுவாளா, அதுதான் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

காங்கயம் தாண்டிருச்சு. பல்லடம் வர்றதுக்குள்ள வார்டனுக்கு எழுதிரலாம். நேர்ல போயி நின்னு விரட்டிட்டா என்ன பண்றது. நீங்களும் பாருங்க, சாட்சியா இருக்கட்டும். ‘மேம், நான் பிரகதி அம்மா. பஸ்ஸுல வந்துட்டு இருக்கறேன். இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் நான் எழுதினது இல்லை மேம்.’ போதுமில்லீங்க? அனுப்பிட்டேன். பாருங்க, போயிருச்சு. நீலமாயிருச்சு. படிச்சுட்டாங்க. அம்புட்டுத்தான், இனி ஒண்ணும் தொந்தரவில்லை.

இதென்னங்க.

நான் தொடவே இல்லீங்க. நீங்கதான் பாத்துட்டே இருந்தீங்களே. என் மெசேஜைக் காணோம். ‘நீக்கப்பட்டது’ன்னு வந்துருச்சு. இருங்க. கீழ இன்னொண்ணு வருது. என் பேர்லதான். ‘சாரி மேம். பிரகதியோட தம்பி போனை எடுத்து விளையாடிட்டான். முன்னாடி வந்த மெசேஜைக் கண்டுக்காதீங்க.’

தம்பி.

வார்டன் பதில் போடறாங்க. ‘பரவாயில்லைங்கம்மா. சின்னப் பசங்க அப்படித்தான். நீங்க சொன்ன மாதிரி கேட்ல சொல்லியாச்சு. யாரு வந்தாலும் விட மாட்டாங்க.’

அந்த வார்த்தை என்னோடதுங்க. ஒரு எழுத்துக்கூட மாறலை. குரூப்புல எல்லாருந்தான் படிச்சாங்க, ஆனா என் போனை எடுக்கக்கூடியவங்கன்னு எங்க வூட்டுல ரெண்டே பேருதான் இருந்தோம். நானும், பக்கத்து ரூம்ல அவளும்.

எம்பொண்ணுங்க. எம்பொண்ணுதான் எழுதறா.

இருங்க, எங்க பாக்கறதுன்னு எனக்குத் தெரியும். நான் பண்ணினதுதானே. இதோ இருக்குது பாருங்க, எங்க வூட்டு லேப்டாப்பு பேரு. என் போனோட சேத்திருக்கறா. அன்னிக்கு ஒரு நிமிஷம் வாங்கினாளே. கீழ சிவப்பா எழுதியிருக்குது, லாக் அவுட்டுன்னு. தொட்டாப் போதும், அறுந்துரும்.

இல்லீங்க, தொட மாட்டேன். நீங்க சொல்லாதீங்க. எங்கிட்ட அவ பேசி எத்தனை நாளாச்சு தெரியுமுங்களா? இப்ப இதுலதான் எழுதறா. ஒவ்வொரு வார்த்தையும் அவ யோசிச்சு எழுதறதுங்க. என்ன அழகா எழுதறா பாருங்க, ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஜன்னலைப் பாத்துட்டு இருந்த புள்ளை. இதையும் மூடிட்டா, அவ என்ன எழுதறான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பாக்கோணுமில்லீங்க.

அழுகலைங்க. எலுமிச்சம்பழம் கையில பிதுங்கிருச்சு, அது கண்ணுல பட்டுருச்சு.

எந்திரிக்காதீங்க, சூலூர் இன்னும் வரலை. ஒரு உதவி பண்ணுங்க. உங்க போனைச் சித்த நேரம் குடுங்க. அதுல இருந்து வார்டனுக்கு ரெண்டு வரி எழுதிக்கறேன். பிரகதியோட பெரியம்மா, பாக்க வர்றேன்னு உங்க பேர்லயே போட்டுக்கறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். பேசக்கூட வேண்டாம். எல்லாம் நானே பாத்துக்கறேன்.

உங்க பேரு என்னங்க?